பெருமயில் கண்ட ஃபாபர்

விட்டிற்பூச்சி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஒரே ஒரு கதைதான். விளக்கின் ஒளியில் மயங்கிப் பாய்ந்து, சிறகு கருகி மாளும் பேதை அது. காலங்காலமாகப் புலவர்கள் அதனை உவமையாக்கி, ஆசைக்கு அடிமைப்பட்டாரை இடித்துரைத்து வந்திருக்கிறார்கள். விடுதி அறையில் தேர்வுக்குப் படிக்கும் நாமோ, மேசை விளக்கைச் சுற்றும் பூச்சியைக் கண்டால் செய்தித்தாளை மடித்து ஓர் அடி அடிப்பதோடு சரி. அதற்குப் பெயர் என்ன, எங்கிருந்து வந்தது, எதை நாடி வந்தது என்று நாம் கேட்பதில்லை. கேட்டவர் ஒருவர் இருந்தார். அவருடைய வரலாற்றைத்தான் இங்குச் சொல்ல வந்தேன்.

ஃபாபர் என்று பெயரைச் சொன்னதும் டெல்லியில் படிக்கும் நம்மவர்க்குப் பானிப்பட்டுப் போர்க்களம் நினைவில் எழுமாயின் வியப்பில்லை. அவர் வேறு, இவர் வேறு. வாளும் பீரங்கியும் இவர் அறியார். கம்பிவலைக் கூண்டு ஒன்று, மெழுகுவத்தி ஒன்று, கத்தரிக்கோல் ஒன்று: இவையே இவருடைய படைக்கலங்கள். ழான் ஆன்ரி ஃபாபர் என்னும் இந்தப் பிரெஞ்சுக்காரர் பல்லாண்டுகள் பள்ளியாசிரியர், பிறகு நூலாசிரியர், வாழ்நாள் முழுவதும் ஏழை.

1823ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், தென் பிரான்சின் அவேரோன் மேட்டுநிலத்தில் சேன் லெயோன் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். குழந்தைப் பருவத்தின் சில ஆண்டுகள் பாட்டன் பாட்டியிடம் கழிந்தன. தந்தையார் நிலத்தை விட்டு நகரத்துக்குச் சென்று காப்பிக்கடை வைத்தார்; அது நொடித்தது. வேறு ஊரில் வைத்தார்; அதுவும் நொடித்தது. ஊர் ஊராகப் பெயர்ந்த அந்தக் குடும்பத்தில் பிள்ளையின் படிப்பு அறுந்து அறுந்து ஒட்டியது. கடைசியில் அவின்யோன் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் உதவித்தொகைத் தேர்வை எழுதி வென்று, 19 வயதில் கார்ப்பாந்திரா என்னும் ஊரில் ஆசிரியராக அமர்ந்தார். உதவித்தொகையை நம்பிப் படிப்பு என்பது நம்மில் பலருக்கும் தெரிந்த கதைதானே!

கார்ப்பாந்திராவில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தி அவருடைய வாழ்க்கையையே திருப்பிவிட்டது. நில அளவை கற்பிப்பதற்காக மாணவர்களை வெட்டவெளிக்கு அழைத்துச் சென்றார். அளவைக் கோலை நட அனுப்பிய பையன்கள் வழியில் குனிவதும், கல்லைப் பொறுக்குவதும், வைக்கோல் துரும்பை வாயில் வைத்து உறிஞ்சுவதுமாக இருந்தனர். பார்த்தால், கற்களின் மேல் களிமண்ணால் கூடு கட்டும் ஒரு காட்டுத் தேனீ. அதன் தேனைத்தான் பிள்ளைகள் துரும்பால் குடித்துக் கொண்டிருந்தார்கள். ஆசிரியரும் குடித்துப் பார்த்தார். தேன் இனித்தது. ஆனால் அந்தக் கருந்தேனீயின் பெயர் என்ன? புத்தகக் கடையில் பூச்சிகளைப் பற்றிய ஒரு பெருநூல் இருந்தது. அதன் விலை அவருடைய ஒரு மாதச் சம்பளம். வாங்கிவிட்டார்! அம்மாதம் எப்படிச் சாப்பிட்டாரோ தெரியாது. நூலை விழுங்கிவிட்டார். கொத்தனார்த் தேனீயின் பெயரையும் கண்டுகொண்டார்.

ஒரு பூச்சியை இன்னதென்று அறிவதற்குப் பெயர் முதற்படி. அதிலேயே நின்றுவிடுவோர் உண்டு. பெட்டியில் ஊசி குத்தி, இலத்தீன் பெயர் எழுதி ஒட்டி, அலமாரியைப் பூட்டிவிட்டால் கடமை முடிந்தது என்பது அவர்கள் கொள்கை. ஃபாபருக்கு அங்கேதான் வேலை தொடங்கியது. பெயர் தெரிந்த பூச்சி என்ன செய்கிறது, ஏன் செய்கிறது, உயிரோடு இருக்கும்போது அதனிடம் கேட்டால் என்ன சொல்லும் என்பதே அவருடைய கேள்வி.

கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்று, 1849இல் கோர்சிகாத் தீவின் அஜாக்சியோ நகருக்கு இயற்பியல் ஆசிரியராகப் போனார். அங்கு வந்து தங்கிய தாவர நூல் பேராசிரியர் மொக்கேன் தாந்தோன் என்பவர், ஒரு நாள் தையற்கூடையிலிருந்து ஊசியையும் கத்தரியையும் எடுத்து, தண்ணீர் ஊற்றிய தட்டில் ஒரு நத்தையை அறுத்து அதன் உள்ளமைப்பைக் காட்டினார். ஃபாபர் அதுவரை பெற்ற இயற்கை நூற் பாடங்களிலெல்லாம் தலைசிறந்தது அதுவே எனலாம். கணக்கை விட்டுவிட்டு உயிர்களைப் பார் என்று அப்பேராசிரியர் கூறிய அறிவுரையை அவர் ஏற்றார். 1853இல் அவின்யோன் உயர்நிலைப் பள்ளிக்கு மாறினார். 1855இல் பாரிசில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

பட்டம் கிடைத்தது, பதவி கிடைக்கவில்லை. சொந்தச் சொத்து இல்லாதவன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று, அவர்மேல் அன்புள்ள கல்வி அதிகாரியே எடுத்துச் சொன்னார். சரி, பொருள் தேடலாம் என்று சாயத்தொழிலில் இறங்கினார் ஃபாபர். அந்தப் பகுதி வயல்களில் ஒரு செவ்வேர்ச் செடி பயிராகிக் கொண்டிருந்தது. நம் ஊர்ச் சாயவேரில் உள்ள அலிசரின் என்னும் சிவப்புப் பொருள்தான் அதன் வேரிலும் இருந்தது. அதைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கும் வழியைப் பல ஆண்டுகள் பாடுபட்டுக் கண்டார். ஆலை எழும்பும் வேளையில், 1868இல், ஜெர்மானிய வேதியியலார் இருவர் நிலக்கரித் தாரிலிருந்து அதே அலிசரினைச் செய்து காட்டிவிட்டார்கள். வேரும் வீண், வயலும் வீண், ஃபாபரின் உழைப்பும் வீண். எழுதுகோல் ஒன்றுதான் மிஞ்சியது.

இதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 1865இல், ஒரு விருந்தாளி அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். அவர்தான் லூயி பாஸ்டர். தென் பிரான்சின் பட்டுப்புழுக்களைக் கொள்ளைநோய் அழித்துக் கொண்டிருந்தது. அதை ஆராய அரசு அனுப்பி வந்தவர். ஒரு பட்டுக்கூட்டைப் பார்க்க விரும்பினார். கையில் வாங்கிக் காதருகே குலுக்கினார். உள்ளே ஏதோ ஆடுகிறதே என்று வியந்தார். கூட்டுப்புழு என்பதொன்று உள்ளே இருப்பதை அறியாமலேயே பட்டுப்புழுவைக் காப்பாற்ற வந்திருந்தார் அந்தப் பேரறிஞர்! நாமாக இருந்தால் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருப்போம். ஃபாபர் வேறு விதமாக எண்ணினார். ஏதும் அறியாதவனாக, முன்முடிவு இல்லாதவனாகப் பொருளை அணுகுவதும் ஒரு வலிமை என்பதை அன்று கற்றுக்கொண்டார். போகும்போது பாஸ்டர் வீட்டின் மதுக்கிடங்கைக் காட்டச் சொன்னதும், சமையலறை மூலையில் இருந்த ஒற்றைச் சாடியைக் காட்டி அந்த ஏழை ஆசிரியர் நாணி நின்றதும் வேறு கதை.

கல்வி அமைச்சர் துரூய் அவருடைய தகுதியை அறிந்து போற்றினார். 1868இல் நாட்டின் விருது கிடைத்தது. பேரரசர் மூன்றாம் நெப்போலியன் முன்னும் நின்று வந்தார். அந்த அமைச்சரின் திட்டப்படி நடந்த மாலை வகுப்புகளில் ஃபாபர் இளம்பெண்களுக்கும் அறிவியல் கற்பித்தார். மலர்கள் எவ்வாறு கருத்தரிக்கின்றன என்று விளக்கியதே அவர் செய்த குற்றம். பெண்களிடம் இதைப் பேசலாமா என்று ஊரின் வைதிகர் கொதித்தெழுந்தனர். வாடகை வீட்டின் உரிமையாளர்களான முதிய சகோதரியர் இருவர், ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலிசெய்யச் சொல்லிவிட்டனர். ஆண்டுக்கணக்காகச் சம்பளம் உயராத பள்ளி வேலையையும் உதறினார். மனைவி, மக்களோடு ஒராஞ்ச் என்ற ஊருக்குப் பெயரப் பணம் இல்லை. அப்போது 3000 பிராங்கு கொடுத்து உதவியவர், அவின்யோனில் தம் மனைவியின் கல்லறைக்கு அருகில் வாழ்ந்து வந்த ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. ஃபாபர் பள்ளிப் பாடநூல்கள் எழுதி அந்தக் கடனைத் தீர்த்தார்.

ஒராஞ்சில் இன்னொரு அடி விழுந்தது. பூச்சிகளையும் பூக்களையும் தேடித் தந்தையோடு அலைந்த மகன் ழூல், 1877இல் 16 வயதில் இறந்தான். தாம் புதியனவாகக் கருதிய குளவி இனங்கள் சிலவற்றுக்கு ஃபாபர் அந்தப் பிள்ளையின் பெயரை இட்டார். பெயரிடுதல் என்பது வறண்ட வேலை என்று எண்ணுவோர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1879இல் செரின்யான் என்னும் சிற்றூரின் அருகே ஒரு துண்டு நிலமும் வீடும் வாங்கினார். கல்லும் முள்ளும் மண்டிய தரிசு. அந்த வட்டார மொழியில் தரிசுக்கு ஹார்மாஸ் என்று பெயர். அதையே வீட்டுக்கும் பெயராக வைத்தார். உழவனுக்கு உதவாத நிலம் குளவிக்கும் தேனீக்கும் சொர்க்கம் அன்றோ! அவருடைய பூச்சியியல் நினைவுகள் என்னும் நூலின் முதற்பகுதி அவ்வாண்டே வெளிவந்தது. பத்துப் பகுதிகளும் வந்து முடிய 1907 ஆயிற்று.

இனிப் பெருமயிலுக்கு வருவோம். ஐரோப்பாவின் அந்துப்பூச்சிகளில் இதனினும் பெரியது இல்லை. விரித்த சிறகு 15 செ.மீ. அளவு வரும்; ஒரு சிறு பறவை என்றே கொள்ளலாம். சாம்பலும் பழுப்பும் கலந்த நான்கு சிறகுகள், குறுக்கே வெளிறிய நெளிகோடு, விளிம்பில் புகைவெண்மை, கழுத்தில் வெண்மயிர்ப் பட்டி. ஒவ்வொரு சிறகின் நடுவிலும் ஒரு கண்: கரிய பாவையும், அதைச் சூழ்ந்து கருமை, வெண்மை, செம்பழுப்பு வளையங்களும். மயிலிறகின் கண் போல இருப்பதால்தான் பிரெஞ்சுக்காரர் அதை மயில் என்றனர். ஒருமுறை கண்டவர் வேறு எதனோடும் குழம்பமாட்டார். ஆண், பெண் நிறத்தில் ஒன்றே. ஆனால் உணர்கொம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆணுக்கு அகன்ற இறகுச் சீப்பு, பெண்ணுக்குக் குறுகியது. புழுப் பருவத்தில் வாதுமை இலையையும் பேரி இலையையும் தின்னும். கூட்டுக்குள் குளிர்காலத்தைக் கழித்து, நம் கணக்கில் சித்திரையும் வைகாசியுமான இளவேனிலில் வெளிவரும். இதற்கு உண்ணும் வாய் இல்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பைக் கொண்டு சில நாள் வாழும், துணை தேடும், மாளும்.

ஒரு மே மாதம் 6ஆம் நாள் காலை, ஃபாபரின் ஆய்வறை மேசைமேல் பெண் பெருமயில் ஒன்று கூட்டை விட்டு வெளிவந்தது. குறிப்பிட்ட நோக்கம் ஏதும் இன்றி, வழக்கம்போல் கம்பிவலைக் கூண்டால் மூடிவைத்தார். அப்போது அவருக்கு எழுபதை ஒட்டிய வயது. இரவு 9 மணி. வீட்டார் படுக்கப் போகும் நேரம். இரண்டாம் மனைவியின் மகனான சிறுவன் பால், பாதி உடுப்போடு அறைக்குள் குதித்துக் கொண்டே தந்தையைக் கூவி அழைத்தான். பறவை போன்ற பூச்சிகள் அறை முழுவதும் பறந்தன! கீழே சமையலறையில் வேலைக்காரப் பெண் அவற்றை வௌவால் என்று எண்ணி முன்றானைத் துணியால் விரட்டிக் கொண்டிருந்தாள். மெழுகுவத்தியோடு ஆய்வறைக்குள் நுழைந்தார்கள். பெண் இருந்த கூண்டைச் சுற்றி ஆண் பெருமயில்கள் மெத்தென்ற ஒலியுடன் வட்டமிட்டன, கூரைக்கு ஏறின, இறங்கின, சிறகடித்து மெழுகுவத்தியை அணைத்தன, தோள்மேல் அமர்ந்தன, முகத்தில் உராய்ந்தன. வீடு முழுவதும் எண்ணினால் ஏறத்தாழ 40. அடுத்தடுத்த இரவுகளையும் சேர்த்து எட்டு நாளில் 150.

விளக்கில் விழும் விட்டிலின் பழங்கதை இங்கே கவிழ்கிறது. இவை விளக்கைத் தேடி வந்தவை அல்ல. புயல் மூட்டமான இருட்டில், மரமும் புதரும் அடர்ந்த வீட்டுக்குள், சிறகில் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தன. வந்தவை எங்கிருந்து வந்தன? அக்கம்பக்கத்து வாதுமை மரங்களின் அடியை ஃபாபர் குளிர்காலத்தில் துருவித் துருவிப் பார்த்தவர். அங்குக் கூடே கிடைக்கவில்லை. ஆகவே நெடுந்தொலைவிலிருந்து வந்திருக்க வேண்டும். காலையில்தான் பிறந்த ஒரு பெண்ணைப் பற்றிய செய்தி அவற்றுக்கு எப்படி எட்டியது?

உணர்கொம்புதான் கருவி என்று அன்றைய அறிஞர் பலர் கருதினர். ஃபாபர் கத்தரிக்கோலை எடுத்தார். மறுநாள் சன்னலில் தங்கியிருந்த 8 ஆண்களின் கொம்புகளை வெட்டினார். கூண்டை வீட்டின் மறுபுறம், ஏறத்தாழ 50 மீட்டருக்கு அப்பால் மாற்றி வைத்தார். பறக்கும் நிலையில் இருந்தவை 6. பின்னர் வந்து பிடிபட்ட 25 ஆண்களில், கொம்பிழந்தது ஒன்றே ஒன்று. மேலும் 24 பூச்சிகளை வெட்டினார், ஒன்றும் திரும்பவில்லை. கொம்பு போனால் வழி போயிற்று என்று எழுதிக் கட்டுரையை முடித்திருக்கலாம். அவசரக்காரன் முடித்திருப்பான். இந்த முதியவர் முடிக்கவில்லை. கொம்பை இழந்ததால் வரவில்லையா, அல்லது ஏற்கெனவே ஆயுள் தீர்ந்ததால் வரவில்லையா? இதை அறிய, வேறு 14 ஆண்களின் கொம்பைத் தொடாமல், அடையாளத்துக்காக முதுகில் சிறிது மயிரை மட்டும் எடுத்துவிட்டார். அவற்றிலும் இரண்டே திரும்பின! அதாவது, ஓரிரண்டு இரவில் தளர்ந்து போகும் பூச்சியிடம் இந்தச் சோதனை எதையும் மெய்ப்பிக்கவில்லை. தம் சோதனை தோற்றதை அவரே அச்சிலேற்றினார். ஆய்வுக்கூடப் பதிவேட்டில் விடையை முதலில் எழுதிவிட்டு அளவுகளைப் பின்னால் நிரப்பும் கலையில் தேர்ந்த நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு. அவர்கள் இப்பத்தியை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டுகிறேன்.

மணம்தான் அழைக்கிறதா? ஆனால் மனித மூக்குக்கு எதுவும் தெரியவில்லை. கூண்டைச் சுற்றி நாப்தலீன் உருண்டைகளை வைத்தார். அந்த நாற்றத்தையும் மீறி ஆண்கள் வந்தன. பெண்ணைக் காற்றுப் புகாத பெட்டியில் அடைத்தால் ஒன்றும் வருவதில்லை. மூடி சற்றே திறந்திருந்தால் வந்தன. பெருமயில் இரவில் பறப்பது, பார்ப்பது கடினம். ஆகவே பகலில் பறக்கும் அதன் தங்கையான சிறுமயிலை நாடினார். இதில் ஆணின் பின்சிறகு செம்மஞ்சள். பெண் சாம்பல் நிறம். கடுமையான வடகாற்று வீசும் நண்பகலில், அந்தக் காற்றோடு சேர்ந்தே ஆண்கள் வந்தன. மணத்தைக் காற்று எதிர்த்திசையில் அல்லவா அடித்துக்கொண்டு போகும்? குழப்பம் மிகுந்தது.

முடிச்சு அவிழ்ந்தது மூன்றாவதொரு பூச்சியிடம். ஓக் மரத்தை அண்டி வாழும் ஒருவகை அந்து அது. வேனில் முதிர்ந்த ஆகஸ்டில் பறப்பது. பெண்ணை ஒரு கண்ணாடிக் கூண்டுக்கு மாற்றிச் சன்னலில், ஆண்கள் வரும் வழியிலேயே, கண்ணுக்கு நேராக வைத்தார். முன்னிரவில் அவள் தங்கியிருந்த மணல் தட்டும் வலைக்கூண்டும் இடைஞ்சலாக இருந்தன என்று அறையின் இருண்ட மூலையில் தள்ளிவைத்தார். இதில் சோதனை எண்ணம் எதுவும் இல்லை. ஆண்கள் வந்தன. கண்ணாடிக்குள் இருந்தவளை ஏறிட்டும் பாராமல், மூலையில் கிடந்த வெறுந்தட்டைச் சுற்றிச் சிறகடித்தன! அவள் இல்லை, அவள் தங்கிய இடம் இருந்தது. அதில் படிந்திருந்த ஏதோ ஒன்றே அழைப்பு. கண் அல்ல, ஒலி அல்ல. நாம் முகர முடியாத மணம். நமக்கு இவ்வினங்களை இன்னதென்று காட்டுவது சிறகின் கோலம். அவற்றுக்குள் காட்டுவது வேறு.

அது எவ்வளவு தொலைவு செல்கிறது என்பதில் அவருக்கு ஐயம் தீரவில்லை. மணத்துக்கும் ஒளி போல் அலைவடிவம் உண்டோ என்றுகூட ஊகித்தார். அந்த ஊகம் நிலைக்கவில்லை. 1959இல் ஜெர்மானிய வேதியியலார் பூட்டெனான்ட், ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பின் முடிவில், சுமார் 5 லட்சம் பெண் பட்டு அந்துகளிலிருந்து சில மில்லிகிராம் அளவே அழைப்பு மணத்தைப் பிரித்து அதன் அமைப்பை வெளியிட்டார். அவ்வகைப் பொருள்களுக்குப் ஃபெரோமோன் என்ற பெயரும் அதே ஆண்டில் பிறந்தது. காற்றில் மிதந்து வரும் துகள்களை ஆணின் இறகுக் கொம்பு பிடிக்கிறது. கொம்பைப் பற்றி அன்று சொன்னவர்கள் சரியாகவே சொன்னார்கள். ஆயினும் அதை ஏற்க மறுத்த ஃபாபரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. தம் கையில் இருந்த சான்று போதாது என்றுதான் அவர் சொன்னார்.

குறைகூற வேண்டிய இடம் வேறு உண்டு. டார்வின் தம் பெருநூலில் அவரை ஒப்பற்ற நோக்குநர் என்று பாராட்டினார்; தேனீக்கள் வீடு திரும்புவதைச் சோதிக்கக் கடிதவழி யோசனைகளும் தந்தார். ஃபாபர் அவற்றை மதித்துச் செய்து பார்த்தார். எனினும் படிமலர்ச்சிக் கொள்கையை இறுதிவரை ஏற்கவில்லை. பூச்சியின் இயல்பூக்கம் தொடக்கத்திலேயே முழுமையாக அமைந்தது என்றே நம்பினார். இங்கே அவருடைய கண் தவறவில்லை, கருத்து தவறிற்று.

முதுமையில் புகழ் வந்தது. 1910இல் நண்பர்கள் செரின்யானில் விழா எடுத்தனர். 1913இல் குடியரசுத் தலைவர் புவான்காரே வழியில் நின்று கண்டு சென்றார். நடக்க முடியாத கிழவரை நாற்காலியோடு தோட்டத்தில் கொண்டுவந்து வைப்பார்களாம். முதல் உலகப்போர் நடந்து கொண்டிருந்த 1915ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், தம் 91ஆம் வயதில், ஹார்மாசிலேயே கண்ணை மூடினார். அது பெருமயில் பறக்கும் காலம் அன்று. அந்த ஆண்டின் புழுக்கள் கூடு கட்டி முடித்து, எங்கோ வாதுமை மரங்களின் அடியில், அடுத்த மே மாதத்துக்காகக் காத்துக் கிடந்தன.